கீமோ ஏற்றி ஆறாம் நாள் தடிப்பு வந்தால்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தஞ்சாவூரில் மூன்றாவது கீமோ ஏற்றிக்கொண்டு வந்து ஆறாம் நாள் காலை, குளிக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். "முதுகெல்லாம் நமநமங்குது, என்னன்னு பாரேன்டி."

பார்த்தேன். கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள், இடுப்பிலிருந்து தோள்பட்டை வரை. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஆத்தா வந்திருக்கா." அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. மாத்திரை டப்பா அலமாரி மேலே போய்விட்டது, அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் சேர்த்து. அம்மை கண்ட உடம்புக்கு மருந்து ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101 டிகிரி. அதன்பிறகுதான் கார் பிடித்து தஞ்சாவூருக்கு ஓடினோம். போய்ப் பார்த்தால், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் தரைதட்டிக் கிடந்தன.

அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அம்மாவின் மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். தவறு என்னுடையது. உடம்பில் வந்த ஒன்றுக்கு வீட்டிலேயே பேர் வைக்க விட்டுவிட்டேன். அம்மை என்று பேர் வைத்தால் மருந்து நிற்கிறது, சூடு என்றால் விளக்கெண்ணெய், அக்கி என்றால் காவி. பேர் வைத்த அந்த நிமிடமே அடுத்து என்ன செய்வது என்பதும் முடிவாகிவிடுகிறது.

கீமோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டிரிப்ஸ் ஏறும்போதே மூச்சு முட்டும், முகம் சிவக்கும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியும் வரும். பேக்லிடாக்சல் போன்ற மருந்துகளில் பெரும்பாலும் முதல் இரண்டு தடவைக்குள், ஏற ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே வரும். பேக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கரைத்துத்தான் தருகிறார்கள். பல சமயம் உடம்பு சீறுவது அந்தத் திரவத்தைப் பார்த்துத்தான். சரி, அப்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார், ஊசி இருக்கும். வீட்டுக்கு வந்தபிறகு வருவதுதான் சிக்கல். அது அன்று ராத்திரியே வரலாம். தடிப்பு ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வருவது சகஜம். காய்ச்சலும் முகவீக்கமும் நெறிகட்டலும் சேர்ந்து ஈரலைத் தாக்கும் வகை ஒன்று உண்டு, அது இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் கழித்துக்கூட வரும். கீமோவுக்கு முன்னும் பின்னும் தரும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, ஒவ்வாமையைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். அதன் வேகம் குறைந்ததும் உள்ளே இருந்தது வெளியே தெரியும். ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்த சிலருக்கு ஊருக்கு வந்ததும் தடிப்பது இதனாலும் இருக்கலாம்.

அம்மை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் வேப்பிலை கட்டுகிற கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிடுங்கள். உண்மையிலேயே அது சின்னம்மையாக இருந்தால், கீமோவில் இருப்பவருக்கு அது சாதாரண அம்மை இல்லை. நுரையீரல் வரைக்கும் போகும். அதற்கு வைரஸ் மருந்து இருக்கிறது, தடிப்பு தெரிந்த முதல் நாளே ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். அக்கிக்கும் இதே கதைதான். கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கி வருவது உண்டு, அதற்கும் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். கொப்புளத்தின் மேல் காவி எழுதிவிட்டால் டாக்டரால் தோலைப் பார்க்கவும் முடியாது, உடைந்த இடத்தில் கிருமியும் ஏறும். ஒவ்வாமையா, அம்மையா, அக்கியா என்று நாம் வீட்டில் வாதாட வேண்டியதே இல்லை. மூன்றுக்குமே போக வேண்டிய இடம் ஒன்றுதான்.

மெடிக்கல் ஷாப் தவறு இன்னொன்று. "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றால் ஒரு செட் மாத்திரையும் ஒரு கிரீமும் கைக்கு வந்துவிடும். பெரும்பாலும் அந்த கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும். பார்க்க ஆறின மாதிரி தெரியும், உள்ளே எதுவும் ஆறியிருக்காது. அதைவிட மோசம், காய்ச்சலை அளக்காமலே பாராசிட்டமால் போடுவது. ஒவ்வொரு தடவை கீமோ ஏற்றியும் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைதான் பொதுவாக வெள்ளை அணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி வந்தாலே, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டால் கிளம்புவதற்கான காரணமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தெர்மாமீட்டர் வீட்டில் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிவிடுங்கள்.

எப்போது போன்கூடப் போடாமல் கிளம்ப வேண்டும்? தோல் அரிப்பதற்குப் பதிலாக வலித்தால், கொப்புளித்தால், தொட்டால் உரிந்தால். வாய்ப்புண்ணோடு கண்ணும் சிவந்து உறுத்தினால். கீமோவில் வாய்ப்புண் மட்டும் வருவது உண்டு, ஆனால் வாய், கண், தோல் மூன்றும் சேர்ந்து கெட்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முகமோ உதடோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை அவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு, சரியாகிறதா பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

"ஆறு தடவை ஏத்தியாச்சு, ஒண்ணும் பண்ணல" என்ற தைரியமும் ஒரு தவறு. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தில் நிலைமை பேக்லிடாக்சலுக்குத் தலைகீழ். உடம்பு அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடையாளம் கண்டுகொண்டு ஏழாவது, எட்டாவது தடவையில் எதிர்க்கும். உள்ளங்கை அரிப்பதுதான் பலருக்கு முதல் அறிகுறி. அன்றைக்கு அரித்ததை நர்ஸிடம் சொல்லாமல், பஸ் போய்விடுமே என்று அய்யம்பேட்டை வழியாகக் கிளம்பி வருவது ரொம்ப ஆபத்து. ஒருமுறை அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பலாம்.

கீமோவுக்கு முந்தின ராத்திரி போடச் சொன்ன டெக்ஸாமெதசோனை "சுகர் ஏறிடும்" என்று விட்டுவிடுகிறவர்களை வார்டில் நிறையப் பார்த்தேன். சுகர் ஏறும்தான், உண்மை. அதற்குச் சர்க்கரை மருந்தை மாற்றித் தருவார்கள், கேளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு, "போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தை மாதம் அறுவடை நேரத்தில் வரும் வறட்டு இருமலைப் பனி என்றும் வைக்கோல் தூசி என்றும் தள்ளிவிடுகிறோம். பிளியோமைசின், மெத்தோட்ரெக்ஸேட், ஜெம்சிடபின், டோசிடாக்சல் ஏற்றிக்கொண்டவருக்கு நுரையீரல் அழற்சி வாரக்கணக்கில் கழித்து இப்படித்தான் மெதுவாக ஆரம்பிக்கும். மாடிப்படி ஏற முன்னைவிட மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வருவது எல்லாமே ஒவ்வாமையும் இல்லை. பேக்லிடாக்சலுக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் நாள் கை கால் குடைவது மருந்தின் வேலை. கேபசிடபின் மாத்திரையில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிவது மருந்தின் அளவைப் பொறுத்தது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றினவர் ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்ததும் தொண்டையை நெரிப்பது போல இருப்பது, குளிர்ச்சி பட்டு நரம்பு செய்கிற வேலை. ஆனால் எது எந்த வகை என்று பிரிப்பது டாக்டரின் வேலை. நாம் நடந்ததைச் சொன்னால் போதும்.

அந்தச் சொல்வதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறோம். சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் மறைக்கிறார்கள். சிலரோ "இந்த மருந்தே வேண்டாம்" என்று அடுத்த சைக்கிளுக்கு, அதாவது அடுத்த தடவை கீமோவுக்கு, போவதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்குமே காரணம் இல்லை. லேசான தடிப்பு என்றால் பல நேரம் மருந்தை அப்படியே தொடர்வார்கள். டிரிப்ஸ் ஏறும்போது வரும் ஒவ்வாமைக்கு, மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டி, பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்து அதே மருந்தை ஏற்றும் முறை இருக்கிறது. தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகும் வகை போன்ற கடுமையானவை வந்தவருக்குத்தான் அந்த மருந்தை மறுபடி தொடவே கூடாது. அதனால்தான் மறைப்பது உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். தோல் டாக்டர் அம்மாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "கடைசி ஒரு மாசத்துல புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க?" சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு வாரத்துக்கு முன் கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் பையில் எல்லா அட்டையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனதால் அது கண்ணில் பட்டது. தடிப்புக்குக் காரணம் அந்த மாத்திரை என்றுதான் முடிவு செய்தார். கீமோ மருந்தை நாங்கள் அநியாயமாகச் சந்தேகப்பட்டிருந்தோம். அணுக்கள் ஏறியதும் நாலாவது கீமோ ஏறியது.

அன்றிலிருந்து அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாள் இருக்கிறது. மருந்தின் பெயர், எத்தனையாவது சைக்கிள், ஏற்றின தேதி, தடிப்பு தெரிந்த நாள், நேரம், காய்ச்சல் எவ்வளவு, கூட என்னென்ன மாத்திரை, டே கேர் வார்டு போன் நம்பர். தடிப்பைப் பகல் வெளிச்சத்தில், எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவும் முன் போனில் படம் எடுத்து வைக்கிறோம். மருந்தால் வந்த பாதிப்பை அரசுக்கு நோயாளியின் வீட்டாரே தெரிவிக்கலாம், அதற்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தாளின் தலைப்பில் சிவப்பு மையால் "கோட்ரைமாக்ஸசோல் ஆகாது" என்று எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் பெரிய எழுத்தில் இன்னொரு தாள் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியாயிற்று.