கிட்டார் பிரிட்ஜ் மாற்றுவதற்கு முன் வெர்னியரை எடுங்கள்

ட்யூன் நிற்கவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது புது பிரிட்ஜ் (உடலின்மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) தேடுவதுதான். பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கிட்டாரை ட்யூன் செய்துவிட்டு ஆர்மை (பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடிக் கம்பி) நன்றாக அழுத்தி விடுங்கள். ஓரிரு கம்பி மட்டும் சுருதி ஏறி நின்று, அதே கம்பியை விரலால் ஒருமுறை இழுத்து விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால், குற்றம் பிரிட்ஜில் இல்லை. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. ட்யூனர் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்பதும் இதனால்தான். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தாலே பாதி தீரும். ஆறு கம்பியும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் விலகினால்தான் பிரிட்ஜ் திரும்பும் முனையையும் ஸ்ப்ரிங்கையும் சந்தேகப்பட வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திருவிழா மேடையிலும், எலத்தகிரி, கோவிலூர் போன்ற ஊர்களின் பாடற்குழுவிலும் ஸ்ட்ராட் வடிவக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கே இது முதலில் பயன்படும். ஆர்ம் உள்ள இந்த பிரிட்ஜைக் கடையில் 'ட்ரெமலோ' என்றே கேளுங்கள். உண்மையில் சுருதியை அசைப்பது வைப்ரேட்டோ. ஒலியளவை ஏற்றி இறக்குவதுதான் ட்ரெமலோ. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1954இல் வந்த தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (ஸ்ட்ராட்) பிரிட்ஜுக்கு மாற்றி வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பிராண்டைவிட அளவு முக்கியம். வெர்னியரால் (மி.மீ.யின் பின்னம் வரை அளக்கும் கருவி) நான்கு அளவு எடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பிரிட்ஜை உடலில் பிடிக்கும் முன்வரிசை ஆறு திருகுகளில் ஓரத் திருகுகள் இரண்டுக்கும் இடையே, மையத்திலிருந்து மையம். பழைய அமெரிக்க அளவு 56.4 மி.மீ., மெக்சிகோ ஃபெண்டரில் 52.4. ஆசியத் தயாரிப்பில் 52.5, 54, 56 என எதுவும் வரலாம். ஒன்றரை மி.மீ. வித்தியாசம்தானே என்று தட்டி இறக்க முடியாது. திருகு சாய்ந்து ஏறும், பிரிட்ஜின் தகடு அதில் உரசும், ஆர்மை விட்டதும் பழைய இடத்துக்கு வராது. இரண்டாவது, கம்பி இடைவெளி. அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே 10.5 என்றால் தடித்த ஈ (E) கம்பி முதல் மெல்லிய ஈ கம்பி வரை 52.5. ஒல்லியான கழுத்தில் 56 மி.மீ. பிரிட்ஜ் போட்டால் மெல்லிய ஈ கம்பி மேல் ஃப்ரெட்களில் விளிம்பைத் தாண்டி வழுக்கும். மூன்றாவது, உடலின் தடிமன். முழு நீள பிளாக் (தகட்டின் அடியில் உடலுக்குள் இறங்கும் உலோகக் கட்டை) சுமார் 42 மி.மீ. இறங்கும். 40 மி.மீ. உடலில் அது பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், மூடியும் மூடாது. நான்காவது, குழியின் அகலம்: தடித்த பிளாக் ஆடுவதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும்.

ஆர்மின் மரையிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க ஆர்ம் 10-32 என்ற அங்குல மரை, விட்டம் 4.83 மி.மீ. ஆசிய ஆர்ம் எம்5 அல்லது எம்6 என்ற மெட்ரிக் மரை. எம்5 மரையின் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 0.8 மி.மீ.; 10-32க்கு 0.794. ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எம்5 ஆர்ம் இரண்டு சுற்று ஒழுங்காகப் போய்ப் பிறகு இறுகிவிடும். அங்கே பலத்தைக் காட்டினால் பிளாக்கின் மரை நாசம். சேடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டு) உயரத் திருகுக்கும் இதே கதைதான்: ஃபெண்டருக்கு 1.27 மி.மீ. ஆலன் கீ, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5.

ஆறு திருகுக்குப் பதில் இரண்டு தடித்த போஸ்ட்டில் நிற்கும் பிரிட்ஜுக்கு மாறலாமா என்று பலர் கேட்பார்கள். ஆறு திருகு உடலை அதற்கு மாற்ற, ஓட்டைகளை அடைத்து, போஸ்ட்டை ஏந்தும் உலோகக் குழாயான புஷ்ஷுக்குப் புதிதாகத் துளையிட வேண்டும். நிலையான டிரில் பிரஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இரண்டு போஸ்ட் உள்ள கிட்டாரில் போஸ்ட் இடைவெளியைப் பாருங்கள்: ஃபெண்டர் வகை சுமார் 56 மி.மீ., கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை 74. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. ஆர்ம் இல்லாத லெஸ்பால் வகையில் பிரிட்ஜ் போஸ்ட் 74, கம்பி முனைகளைப் பிடிக்கும் டெயில்பீஸ் 82 என்பது வழக்கமான அளவு. ஆனால் போஸ்ட்டின் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதையும் அளந்தே வாங்குங்கள்.

மலிவுக் கிட்டார்களின் பிளாக் துத்தநாகக் கலவையில் வார்த்தது. தகடு சரியாக இருந்தால் முழு பிரிட்ஜையும் மாற்றத் தேவையில்லை, பிளாக்கை மட்டும் மாற்றலாம். ஓசூர் பக்கம் லேத், மில்லிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய பிளாக்கையே மாதிரியாகக் கொடுத்து, பிரைட் ஸ்டீலிலோ பித்தளையிலோ கடைந்து வாங்கலாம். கம்பி ஓட்டைகளின் இடைவெளியும், தகட்டைப் பிடிக்கும் மூன்று திருகின் இடமும் துல்லியமாக வர வேண்டும் என்பதைத் தாளில் எழுதியே கொடுங்கள். கம்பி நுனியில் உள்ள பந்து முனை உட்காரும் படியின் ஆழத்தைச் சொல்ல மறந்தால் கம்பியின் தடித்த சுற்று சேடில்மேல் ஏறி நிற்கும்.

தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கிருஷ்ணகிரியில் எளிதாகக் கிடைக்கும் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டைவிட நல்ல கருவி வேண்டாம். தகட்டை அதன்மேல் வைத்து மூலைகளை விரலால் அழுத்துங்கள். ஆடினாலோ, அடியில் வெளிச்சம் தெரிந்தாலோ தகடு கோணல்.

கழற்றும்போது கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்மூடியைத் திறந்து ஸ்ப்ரிங்குகளை எடுத்த பிறகே முன் திருகுகளைத் தொடுங்கள். ஸ்ப்ரிங் கொக்கியில் சால்டர் செய்த ஒயர் இருக்கும், அதுதான் எர்த். அது பிய்ந்தால் கம்பியில் கை வைத்தாலும் இரைச்சல் அடங்காது.

பழைய ஓட்டைகள் பொருந்தினால் உங்கள் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் பழையதை 6 மி.மீ.க்கு விரித்து, கடின மரக்குச்சியை மரப்பசையோடு இறக்குங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, பசை சரியாகப் பிடிக்காது, கருவேலம் நல்லது. ஒரு நாள் முழுதும் காயட்டும். பிறகு பிரிட்ஜை வைத்து, நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து ஓர சேடில் வரை தையல் நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். ஃப்ரெட்போர்டு விளிம்புக்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். நீளத்தையும் பாருங்கள்: 648 மி.மீ. ஸ்கேலில் (நட்டிலிருந்து சேடில் வரை கணக்கிடும் கம்பி நீளம்) நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் 324. மெல்லிய ஈ சேடில் 648ஐ ஒன்றிரண்டு மி.மீ. தாண்டியும், தடித்த ஈ நான்கைந்து மி.மீ. தாண்டியும் நிற்க இடம் வேண்டும். சரி என்று பட்டால் ஓரத்து இரண்டு ஓட்டையை மட்டும் முதலில் 2.5 மி.மீ. பிட்டால் போடுங்கள். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டில் பிரிட்ஜ் நேராக உட்கார்ந்த பிறகு மற்ற நான்கையும் போடலாம். திருகுக்கு மெழுகுவர்த்தி தேயுங்கள், சோப்பு வேண்டாம். அது ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது திருகை முறுக்கும் இடத்தில்தான். ஆறையும் இறுக்கிவிட்டால் தகடு ஆட முடியாது. ஆறையும் தகட்டுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. தெரியும்படி நிறுத்தி, ஓரத்து இரண்டை மட்டும் தலை தகட்டைத் தொடும் வரை இறக்குங்கள். நடு நான்கும் வழிகாட்டியாக நின்றால் போதும்.

9-42 கம்பி செட்டுக்கு (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மூன்று ஸ்ப்ரிங் போதும். 11இல் தொடங்கும் செட் போட்டால் நான்கு அல்லது ஐந்து. தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. எழும்பி மிதக்க வேண்டும். ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. பழைய அட்டைகள் நான்கை அடுக்கிப் பின்விளிம்பின் கீழ் செருகி, தகடு அவற்றின்மேல் அழுந்தும்படி ஸ்ப்ரிங் கொக்கியின் திருகுகளை இறுக்குங்கள். ஆறு கம்பியையும் சுருதிக்குக் கொண்டுவந்து, பின் கொக்கியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அட்டைகள் தாமாக வழுக்கி வெளிவரும் இடம்தான் சமநிலை. அட்டையில்லாமல் ஒவ்வொரு கம்பியாக ட்யூன் செய்தால், ஒன்றை ஏற்ற மற்ற ஐந்தும் இறங்கி மணிக்கணக்காகும்.

கம்பி உயரத்துக்கும் அதே அட்டைதான். 17ஆம் ஃப்ரெட்டின் மேல் இரண்டு அட்டை உரசாமல் நுழைந்தால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ.; தொடங்க நல்ல இடம். கடைசியாக இன்டோனேஷன், அதாவது கழுத்து முழுதும் சுருதி சரியாக நிற்பது: 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஒவ்வொரு முறையும் மீண்டும் ட்யூன் செய்துவிட்டே ஒப்பிடுங்கள். எர்த் ஒயர் இணைந்திருக்கிறதா என்று அறிய, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்துப் பீப் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பின்மூடியைப் போடுங்கள்.

புதுக் கம்பி இரண்டு மூன்று நாள் நீளும். மே மாத வெயிலில் பூட்டிய வேனில் இருந்த கிட்டாரை இரவு மேடையில் எடுத்தால் சுருதி கண்டிப்பாக விலகியிருக்கும். கால் மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள், கொக்கித் திருகைத் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் சேடில்மேல் உள்ள வியர்வையைத் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை உயரத் திருகுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.