அம்மாவின் ப்ளூ பேட்ஜ்: எடுப்பது எப்படி, பிழையாகப் பாவிக்காமல் இருப்பது எப்படி

பிரிட்டனில் வயதான அம்மா அப்பாவோடு இருக்கும் எத்தனையோ தமிழ் வீடுகளில் ப்ளூ பேட்ஜ் ஒன்று, அதாவது நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் காரைக் கிட்ட நிறுத்தக் கொடுக்கிற அனுமதி அட்டை, காருக்குள்ளேயே கிடக்கும். யாருடையது என்று கேட்டால் "எங்கட காருக்கு எடுத்தது" என்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பேட்ஜ் காருக்குக் கொடுப்பதில்லை, நடக்கக் கஷ்டப்படுகிற ஆளுக்குக் கொடுப்பது. அம்மா உங்கள் காரில் வந்தால் அதில் வைக்கலாம், தங்கச்சியின் காரில் போனால் அதில் வைக்கலாம், மினிகேப் பிடித்துப் போனால் அந்த மினிகேப்பிலும் வைக்கலாம். அம்மா வீட்டில் இருந்தால் பேட்ஜும் வீட்டில் இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் பாதி தானாக விளங்கிவிடும்.

சரி, முதலில் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். அரசாங்க இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், அது உங்கள் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்குத்தான் போகும். இங்கிலாந்தில் கட்டணம் அதிகபட்சம் 10 பவுண், ஸ்கொட்லாந்தில் 20, வேல்ஸில் இலவசம். இதைவிடக் கூடக் கேட்கிற தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள், அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடையாளப் பத்திரம், முகவரிக்குச் சான்று, ஒரு படம், நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர், கொடுப்பனவு ஏதும் கிடைத்தால் அதன் கடிதம், இவ்வளவும் கையில் இருக்கட்டும். முடிவு வர 12 கிழமை கூட ஆகலாம். பேட்ஜ் பெரும்பாலும் 3 வருடத்துக்குச் செல்லும். தானாகப் புதுப்பித்துத் தரமாட்டார்கள், ஆகவே முடிகிற திகதியை போனில் போட்டு வையுங்கள்.

பிப் (PIP) என்பது உடல் இயலாமைக்கு அரசாங்கம் தருகிற கொடுப்பனவு. அதன் நடமாட்டப் பகுதியில், நடப்பது பற்றிய கேள்விக்கு 8 புள்ளியோ அதற்கு மேலோ கிடைத்திருந்தால் இங்கிலாந்தில் பேட்ஜ் நேரடியாகவே கிடைக்கும். கண் பார்வை மிக மோசம் என்று பதிவானவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் எங்கள் அம்மாமாருக்குச் சிக்கல் வேறு. பென்ஷன் வயது தாண்டிய பிறகு பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அந்த வயதில் கிடைக்கிற அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவில் நடமாட்டத்துக்கென்று தனிப் பகுதியே இல்லை, அதை வைத்து நேரடியாகப் பேட்ஜ் எடுக்க முடியாது. அதனால் நடப்பதில் உள்ள கஷ்டத்தைக் கவுன்சிலுக்கு நாங்களே விளக்கிக் காட்ட வேண்டும், சில வேளை நேரில் கூப்பிட்டும் பார்ப்பார்கள்.

இங்கேதான் எங்கள் வீட்டில் சறுக்கியது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சோதிக்க வந்த பெண் மிக அன்பாகத்தான், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓம், நான் நல்லா நடப்பன், கோயிலை மூண்டு தரம் சுத்துவன்" என்றார். கோயிலை அப்படிச் சுற்றியது நாலு வருடத்துக்கு முந்திய கதை. அன்றைக்குக் காலை காரில் இருந்து அந்த அறை வரை வரவே இரண்டு தரம் நின்று, என் தோளைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தவர். பிற மனிதர் முன்னால் இயலாது என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கு வெட்கம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் முறை நாங்கள் செய்தது இதுதான். ஒரு கிழமை முழுக்க ஒரு கொப்பியில் எழுதினோம். பஸ் தரிப்பிடம் வரை போக எத்தனை நிமிடம், எங்கே நின்றார், எந்த மதிலைப் பிடித்தார், திரும்பி வந்து எவ்வளவு நேரம் படுத்தார், என்ன மாத்திரை போட்டார் என்று. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. மருத்துவமனைக் கடிதத்தையும் சேர்த்தோம். கிடைத்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள், முக்கியமாக மோசமான நாள் எப்படி இருக்கும், அப்படி நாள் எத்தனை வரும் என்பதை எழுதுங்கள். நிராகரித்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பேட்ஜ் வந்த பிறகு எங்கே நிறுத்தலாம்? வீதியோரத்தில் உள்ள மாற்றுத்திறனாளி இடங்களில் நிறுத்தலாம். காசு போடும் வீதியோர இடங்களில் பொதுவாகக் கட்டணம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மஞ்சள் கோடு ஒன்றானாலும் இரண்டானாலும் 3 மணித்தியாலம் வரை நிறுத்தலாம், பேட்ஜோடு வந்த நீல அட்டை மணிக்கூட்டில் வந்த நேரத்தைக் காட்டி வைக்க வேண்டும். ஆனால் நடைபாதை விளிம்புக் கல்லில் சின்ன மஞ்சள் கீறல்கள் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அது ஏற்றி இறக்கத் தடை உள்ள இடம், தடை நேரத்தில் பேட்ஜ் அங்கே செல்லாது. எங்கள் ஆட்கள் தண்ட டிக்கெட் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கீறலைப் பார்க்காமல்தான். சூப்பர்மார்க்கெட், மருத்துவமனைக் கார்ப் பார்க்குகளில் அந்த இடத்துக்காரர் வைத்ததே விதி, பலகையை வாசியுங்கள். மத்திய லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி ஒஃப் லண்டன், கென்சிங்டன் அண்ட் செல்சி, கேம்டனின் ஒரு பகுதி ஆகியவற்றுக்குத் தனி விதிகள், போகுமுன் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பிழையாகப் பாவிப்பது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய பேட்ஜைப் போட்டு மீன் வாங்கப் போவது குற்றம், 1,000 பவுண் வரை தண்டம் வரலாம். அம்மாவைக் காரில் இருத்திவிட்டு, அவர் இறங்கவே போவதில்லை என்று தெரிந்தும் எங்கள் அலுவலுக்காக அந்த இடத்தைப் பிடிப்பதும் பிழைதான். 2013 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் ஆட்கள் சாதாரண உடையில் வந்து பேட்ஜைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பிழையென்றால் அந்த இடத்திலேயே பறித்துக்கொள்ளலாம். ஆனால் தண்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தேர்த் திருவிழா அன்று கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற நாலு இடத்தையும் நாலு இளம் ஆட்கள் பிடித்தால், வீல்சேரில் வருகிற ஐயா வெயிலில் அரை மைல் தள்ளப்பட்டு வருவார், இல்லையென்றால் அடுத்த வருடம் வரவே மாட்டார். அவர் வராமல் போனதை யாரும் கவனிப்பதும் இல்லை.

மோட்டபிலிட்டி கார், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு திட்டத்தில் வாடகைக்குக் கிடைக்கிற கார் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அரசாங்கம் சும்மா குடுக்கிற கார்" என்ற பேச்சு எங்கள் சமூகத்திலும் உண்டு. சும்மா இல்லை. பிப்பில் நடமாட்டப் பகுதியின் உயர்ந்த தொகை, 2025-26இல் கிழமைக்கு 77.05 பவுண், அதைக் கையில் வாங்காமல் வாடகைக்குக் கொடுத்துத்தான் கார் எடுக்கிறார்கள். பெரிய கார் என்றால் முன்பணமும் கட்ட வேண்டும். சாதாரணமாக 3 வருடம், அதற்குப் பிறகு கார் திரும்பிப் போகும். இந்தத் திட்டம் 1977இல் தொடங்கியது. அதற்கு முன்னால் கொடுத்தது இளநீல நிறத்தில் மூன்று சக்கர வண்டி, அதில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம், மனைவி பிள்ளையைக்கூட ஏற்ற முடியாது. 2025 நவம்பரில் பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற கார்களை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

காரை யார் ஓட்டலாம்? பெயர் பதிந்தவர்கள் மட்டும். அம்மா உள்ளே இல்லாமலும் அவருக்கு மருந்து எடுக்க, சாமான் வாங்கப் போகலாம், அது அவருக்கான பயணம். ஆனால் சாப்பாடு டெலிவரிக்கோ டாக்சிக்கோ ஓட்டினால், அல்லது பேருக்கு அம்மாவை வைத்துக்கொண்டு மகனே நாள் முழுக்கத் தன் காராக வைத்திருந்தால், காரைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பிறகு கிளினிக்குக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருக்கப் போவது அம்மா.

மற்றவர்கள் பிழை செய்கிறார்கள் என்று தெரிந்தால் கவுன்சிலுக்கு அறிவிக்கலாம், கார் என்றால் மோட்டபிலிட்டிக்கு. பெயர் சொல்லாமலும் அறிவிக்கலாம். ஆனால் கார்ப் பார்க்கில் போய் வாயைக் கொடுக்காதீர்கள். 2019 ஆகஸ்ட் 30இலிருந்து இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் பேட்ஜ் உண்டு. ஒரு முறை ஒரு இளம் தாய் பேட்ஜ் இடத்தில் நிறுத்திவிட்டு விறுவிறு என்று இறங்கினார். எனக்குக் கோபம் வந்தது, வாய்வரை வந்துவிட்டது. அவர் பின் கதவைத் திறந்து ஏழெட்டு வயதுப் பையனின் இரண்டு கையையும் பிடித்து, அவன் அலறி வீதிப் பக்கம் பாயப் பார்க்க, உடம்பால் மறித்தபடி ஒவ்வொரு அடியாக நடத்திக்கொண்டு போனார். வாசலுக்கு இருபது அடி. அந்த இருபது அடிக்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

கடைசியாக ஒரு வேலை, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பேட்ஜ் உரியவர் காலமானால் அதைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் காரின் டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தபோது அவருடையது அங்கே இருந்தது, முடிய இன்னும் பதினாலு மாதம். திருப்பினேன், பின்பக்கத்தில் அப்பாவின் படம். அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்து, பிறகு தானே உறைக்குள் போட்டு ஒட்டித் தந்தார்.