மாசக் கடைசியில் கைமாற்று கேட்காமல் இருக்க: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பணத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. வருமானத்தில் இத்தனை சதவீதம் எடுத்து வை என்பார்கள். கல்லூரி மாணவருக்கு ஏது வருமானம்? வீட்டிலிருந்து வருகிற பணம், அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், சிலருக்கு முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய் வருவது. அவ்வளவுதான். இந்த மாதம் 800 ரூபாய் கடன் வாங்கினால், அடுத்த மாதச் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் அது போகும். அதனால் பட்ஜெட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் கடன்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், வட்டி என்ன. இந்த நான்கு போதும். லோன் ஆப், இஎம்ஐ எல்லாம் உடனே ஞாபகம் வரும். விட்டுப் போவது சின்னப் பாக்கிகள்தான்: டீக்கடைக் கணக்கு, ஜெராக்ஸ் கடையில் சொன்ன "நாளைக்குத் தரேண்ணா", ரூம்மேட் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கட்டிய பிரியாணிக் காசு, டூர் போனபோது யாரோ போட்ட வேன் வாடகை. தனித்தனியாக அற்பத் தொகை. கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

உங்களுக்கு வர வேண்டியதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கத் தொகையிலிருந்து கழிக்க வேண்டாம். அவன் எப்போது தருவான் என்பது அவனுக்கே தெரியாது.

படி 2: வட்டியை "நூற்றுக்கு எத்தனை" என்று மாற்றிப் பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம். ஒரு ஆப்பில் 30 நாளுக்கு 5,000 ரூபாய் கடன் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. இதைப் பிடித்துக்கொண்டு கணக்கில் விழுவது 4,410. மாத முடிவில் 150 ரூபாய் வட்டியோடு 5,150 கட்டச் சொல்கிறார்கள். திரையில் பெரிதாகத் தெரிவது "வட்டி 3 சதவீதம்". கையில் வந்ததோ 4,410, திருப்பிக் கொடுப்பது 5,150. வித்தியாசம் 740 ரூபாய். அதாவது நூற்றுக்கு மாதம் கிட்டத்தட்ட 17 ரூபாய். ஊரில் மூணு வட்டிக்கு வாங்குவதற்கே வீட்டில் ஆயிரம் யோசனை நடக்கும். இங்கே ஓடிக்கொண்டிருப்பது பதினேழு வட்டி.

இந்த மறைவு வேலை வேண்டாம் என்றுதான் ரிசர்வ் வங்கி 2022-இல் டிஜிட்டல் கடன்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. கடன் தருவதற்கு முன்பே கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதத்தை, அதாவது ஏபிஆரை, ஒரு விவரத் தாளில் காட்டியாக வேண்டும். அந்தத் தாளே தராத ஆப் என்றால் அங்கேயே மூடிவிடுங்கள். உங்கள் போனின் காண்டாக்ட் பட்டியலையும் கேலரியையும் கேட்கிற ஆப்பும் அப்படியே. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத ஆப்பில் கடன் எடுக்க எந்த அவசரமும் காரணமாகாது.

படி 3: அடைக்கும் வரிசை

அதிக வட்டி எதுவோ அதுதான் முதலில் போக வேண்டும். மாணவர்களுக்கு அது பெரும்பாலும் லோன் ஆப், அப்புறம் கிரெடிட் கார்டு. கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் அசல் அசையவே அசையாது, புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றே வட்டி ஆரம்பிக்கும்.

நண்பரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி இல்லை. ஆனாலும் அதைக் கடைசியில் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கும் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும். தேதி சொல்லி, 200, 300 என்று தவணையாகக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒளிந்து நடந்தால்தான் பிரச்சினை.

இஎம்ஐ தேதியன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு பக்கம் அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் போடுவார். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பணம் இருக்கட்டும். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியில் இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். ஒரு மாதம் ஃப்ரீ என்று எப்போதோ சேர்ந்த பாட்டு ஆப்பும் ஓடிடியும் இன்னும் காசு எடுத்துக்கொண்டிருக்கும்.

படி 4: வாரக் காசு

செலவை நோட்டில் எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். யுபிஐ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது, போன மாத விவரத்தை இறக்கி ஒரு முறை படித்தால் போதும். பிறகு, மாதப் பணம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். மெஸ் கட்டணம் தனியாகப் போய்விடுகிற ஒரு ஹாஸ்டல் மாணவருக்குக் கையில் 6,000 வருகிறது என்றால் இப்படி:

ரீசார்ஜ் 350
சோப்பு, எண்ணெய் வகையறா 400
ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் 300
செமஸ்டர் செலவுக்கு ஒதுக்குவது 700
கடன் அடைக்க 1,000

மீதி 3,250. இதை நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 800க்கு மேல் வரும். அங்கேதான் சறுக்கல். மாதத்துக்கு நான்கு வாரம் என்பது பிப்ரவரியில் மட்டும்தான் சரி, மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் தொங்கிக்கொண்டு நிற்கும். வாரம் 750 என்று வைத்து, 250 ரூபாயை 29-ஆம் தேதிக்கு மேல் தொடுங்கள்.

இதற்கு யுபிஐ லைட் நன்றாக உதவும். யுபிஐ ஆப்புக்குள்ளேயே சின்னச் செலவுக்கென்று பணம் ஏற்றி வைக்கும் பர்ஸ் அது. திங்கட்கிழமை காலை 750 ஏற்றிவிட்டு, டீ, பஸ், கேன்டீன் எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுங்கள். ஆட்டோ டாப்-அப்பை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தீர்ந்ததும் தானாக நிரம்பிக்கொள்ளும். வியாழக்கிழமை 90 ரூபாய்தான் இருக்கிறது என்று திரையிலேயே தெரிந்தால், ஸ்விக்கியைத் திறக்கப் போன விரல் மெஸ் பக்கம் திரும்பும்.

படி 5: செமஸ்டருக்கு ஒரு முறை வரும் செலவு

பரீட்சைக் கட்டணம், அரியர் இருந்தால் அதற்கும், புராஜெக்ட், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவது. எதுவும் திடீர் செலவு இல்லை, தேதி தெரிந்தவைதான். மாதம் 700 ஒதுக்கினால் ஆறு மாதத்தில் 4,200 சேரும். தினமும் தொடுகிற கணக்கில் அது இருக்கக் கூடாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம், எடுக்கப் போவதற்குக் கொஞ்சம் சோம்பலாக இருப்பதே அதன் நன்மை. சொந்த ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கன்செஷன் படிவம் வாங்கி கவுன்டரில் டிக்கெட் எடுத்தால் கட்டணம் பாதியாகும்.

படி 6: உங்கள் பெயரில் எது ஓடுகிறது?

"மச்சான், என் பேர்ல லோன் வரமாட்டேங்குது, உன் பேர்ல போன் எடுத்துக் கொடு, மாசாமாசம் நான் கட்டிடுறேன்." கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவர் என்றாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள். அவர் தவறவிட்டால் அடிபடுவது உங்கள் சிபில் மதிப்பெண். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டுகிற, 300-இலிருந்து 900 வரை போகிற கணக்கு அது, நாளை பைக்குக்கும் வீட்டுக்கும் கடன் கேட்டால் வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான்.

கல்விக் கடன் வேறு ரகம். படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை இல்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முதல் ஆண்டுக்கு 75,000 எடுத்து, வட்டி 10 சதவீதம் என்றால் மாதம் 625 ரூபாய். முடிந்தவர்கள் இந்த வட்டியைப் படிக்கும்போதே கட்டிவிடலாம், அதற்காக வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு உங்கள் படிப்பு தகுதி பெறுமா என்று கிளை மேலாளரிடம் கேளுங்கள். கேட்காமல் தானாக வராது.

படி 7: கை மீறிப் போயிருந்தால்

ஒரு ஆப் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் எடுக்கும் நிலை வந்துவிட்டால், மேலே சொன்ன 1,000 ரூபாய் கணக்கு போதாது. முதல் படியில் எழுதிய தாளோடு வீட்டில் பேசுங்கள். இரண்டு நாள் திட்டு விழும், பரவாயில்லை, பதினேழு வட்டியைவிட அது மலிவு. வசூல் செய்கிறவர்கள் மிரட்டினாலோ, படத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்றாலோ, பணம் கொடுத்து வாயடைக்கப் பார்க்காதீர்கள். 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். வந்த மெசேஜ்கள், அழைப்பு விவரம், பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகுதான் அந்த ஆப்பை போனிலிருந்து நீக்க வேண்டும்.