தாயகப் பயணமும் இரத்த உறைவும்: புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

கால் சிரைகளில் இரத்தம் கட்டியாக உறையும் நோய் ஐரோப்பிய வழியினரை விட ஆசிய வழியினருக்குக் குறைவாகவே வருகிறது என்பது உண்மை. 1994இல் கண்டறியப்பட்ட ஃபாக்டர் ஃபைவ் லைடன் என்னும் மரபணு மாற்றம் ஐரோப்பிய வழியினரில் 100க்கு ஏறத்தாழ 5 பேரிடம் இருக்க, நம்மிடையே அரிதாக இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதே மாற்றம் அரிதாக உள்ள அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே சிரை உறைவும் அதனால் நேரும் இறப்பும் கூடுதலாக இருக்கின்றன. மருத்துவ வசதி எட்டாமையும் அதற்குக் காரணம் என்பதால், வம்சாவளியை மட்டும் நம்பி யாரும் நிம்மதி கொள்ளலாகாது. தமனி அடைப்பால் வரும் மாரடைப்பிலோ நம் நிலை நேர்மாறு: 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் நடுமதிப்பு 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் சிரை உறைவின் வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. உடல்நலமுள்ளவர்களுக்கு அது ஏறத்தாழ 6000 பேரில் ஒருவருக்கு நேர்வதே. எனவே அஞ்ச வேண்டியதில்லை, அவ்வப்போது எழுந்து நடந்து, கணுக்காலை அசைத்து வந்தால் போதும். முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், புற்றுநோயாளர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்போர் ஆகியோர் மட்டும் அழுத்தக் காலுறை பற்றியும் தடுப்பு மருந்து பற்றியும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடத் தரப்படும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் இந்த வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்பதைப் பெண்கள் பலரும் அறிவதில்லை. பயணத்துக்கென அதை வாங்குவோர் தம் மருத்துவ வரலாற்றைச் சொல்லாமல் வாங்கவே கூடாது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் பயண நாட்களுக்கும் மேலாகச் சில நாட்களுக்குரிய மாத்திரைகளையும், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசி முடிவையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் அசெனோகுமரால் என்னும் மருந்தும் பரவலாகத் தரப்படுகிறது; இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் மில்லிகிராம் அளவுகள் வேறு என்பதால், ஒன்றுக்கு மற்றொன்றை அப்படியே மாற்றி விழுங்குவது ஆபத்து. இரத்தத்தை இளக்கும் மருந்து எந்த வகையாயினும், அங்கே காய்ச்சல் கண்டால் டெங்குவாக இருக்கக்கூடும் என்று எண்ணி, அன்றே மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்குவில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும்போது இரத்தக்கசிவு எளிதில் நேரும்; ஆஸ்பிரினையும் இபுபுரூஃபெனையும் வலிக்கென்று தாமாக எடுப்பது அதை மோசமாக்கும். அதற்காக வழக்கமான மருந்தை உங்கள் விருப்பப்படி நிறுத்தவும் கூடாது.

இறங்கிய பின்னும் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வரை கால்களைக் கவனியுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பதும், காலுறையின் தடம் ஒரு காலில் மட்டும் ஆழமாகப் பதிவதும் அலட்சியம் செய்யத்தக்கவையல்ல. அதைத் தேய்த்துப் பிசையாமல் மருத்துவரிடம் சென்று, விமானத்தில் வந்த நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்றால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.