பழைய காரின் ரேடியேட்டருக்குள் காற்றை ஒழுங்காகச் செலுத்துவது எப்படி?

பழைய கார் அடிக்கடி சூடேறினால், பெரிய ரேடியேட்டரைத் தேடிப் போவதற்கு முன், அது எப்போது சூடேறுகிறது என்று பார்க்க வேண்டும். நிற்கும்போது வெப்பமானி முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை பெரும்பாலும் ஃபேன் இழுக்கும் காற்றில்தான் இருக்கும். வேகமாக ஓடும்போது ஏறினால், ரேடியேட்டர் குழாய்களில் அடைப்பு, நீர் பம்பின் உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக விழுவது) ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின், ரேடியேட்டரின் பின்புறம் ஒரு டார்ச் விளக்கை வைத்து முன்பக்கமிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடங்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, மெதுவான அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். வேகமான பீச்சல் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். ரேடியேட்டருக்கு முன்னே ஏசி கண்டென்சர் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) உள்ள கார்களில், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேரும் குப்பை வெளியிலிருந்து கண்ணுக்கே படாது.

பலர் கவனிக்கத் தவறுவது இடைவெளிகளைத்தான். தடை குறைந்த வழியிலேயே காற்று போகும் என்பதால், ரேடியேட்டரின் பக்கங்களிலும் மேலும் கீழும் சந்து இருந்தால், கிரில் வழியே வந்த காற்றில் ஒரு பங்கு தகடுகளைத் தொடாமலேயே நழுவிவிடும். அந்தச் சந்துகளை ரப்பர் பட்டையாலோ அடர்ந்த ஃபோம் துண்டுகளாலோ அடைத்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

அடுத்தது ஃபேனைச் சுற்றி நிற்கும் கூடு போன்ற ஷ்ரௌட். அது இல்லையென்றால், ஃபேன் தன் வட்டத்துக்கு நேரெதிரே உள்ள பகுதியிலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும், மூலைகள் வீணாகும். ஃபேன் இறக்கைகள் ஏறத்தாழப் பாதியளவு ஷ்ரௌட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் எஞ்சின் குலுங்கும்போது உரசாத அளவு இடைவெளி அவசியம். எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல்) ஓட, ஒரு தாளை கிரில்லின் முன் பிடித்துப் பாருங்கள். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் அது சுழலத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பானட்டின் பின்விளிம்பைத் தூக்கி வைத்தால் வெப்பம் வெளியேறும் என்று சொல்வதுண்டு. நிற்கும்போது ஓரளவு உண்மை. ஓடும்போதோ, முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் மிகுந்திருப்பதால், காற்று உள்ளே புகுந்து ரேடியேட்டர் வழியே வரும் ஓட்டத்துக்கே முட்டுக்கட்டையாகலாம்.

எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தீர்வாகாது. அதைச் சூடான நீரில் போட்டு, குறித்த வெப்பநிலையில் திறக்கிறதா என்று சோதித்து, திறக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.