சமாதானம் தேடும்போது விசுவாசிகள் செய்கிற தவறுகள்

காலையில் கண் விழித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம், சபைக் குழுவில் இன்னொன்று, யூடியூபில் 'இன்றைய வாக்குத்தத்தம்', அப்புறம் சமைக்கும்போது பின்னணியில் ஓடுகிற பிரசங்கம். இத்தனைக்குப் பிறகும் மனசு படபடக்கிறது என்றால் ஆச்சரியமே இல்லை. செய்திச் சேனலை அணைத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு சத்தத்தை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடிய நாளுக்கு மறுநாள், இயேசு இருட்டோடே எழுந்து தனியாகப் போய் ஜெபித்தார் என்கிறது மாற்கு 1. 'எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்' என்று சீஷர்கள் வந்து சொன்னபோதுகூட அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள், அது போதும்.

அடுத்தது, வசனத்தைத் தலைவலி மாத்திரை மாதிரி விழுங்குவது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை' கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 வந்துவிட்டால் ஒரே சந்தோஷம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது! அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறையிருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார் எரேமியா. அட்டையை வைத்துக்கொண்டு மார்ச்சுக்குள் விசா வந்துவிடும் என்று காத்திருந்து, வராதபோது தேவன் ஏமாற்றிவிட்டார் என்று உடைந்துபோகிறவர்கள் நிறைய.

'விசுவாசம் இருந்தால் கவலையே வராது' என்ற பேச்சுதான் எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன். அதற்கு ஆதாரமாக, ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்கிற பிலிப்பியர் 4:6-ஐ எடுத்து நீட்டுவார்கள். அதைக் காவலில் இருந்தபடி எழுதிய அதே பவுல்தான், சபைகளைப் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11-ல் ஒளிக்காமல் சொன்னவர். கெத்செமனேயில் இயேசு, தன் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருக்கிறது என்று மூன்று பேரிடம் சொல்லி, கூடவே விழித்திருக்கச் சொன்னார். 88-ஆம் சங்கீதமோ ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது; அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வாய் திறந்தால் உடனே ஒரு வசனத்தால் மூடிவிடுகிறோம், அடுத்த வாரத்திலிருந்து அவர் சாட்சி மட்டும்தான் சொல்வார், பயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

உடம்பை மறந்துவிடுவதும் உண்டு. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ராணி யேசபேலின் ஒரே மிரட்டலுக்கு ஓடிப்போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கமா? தூக்கம். தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலைக்கு 40 நாள் நடை, அங்கே தேவன் பேசிய அந்த மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் தலைகீழாகச் செய்கிறோம்: தூக்கமில்லாமல் தவிக்கிறவரை முழு இரவு ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் கூப்பிடுகிறோம்.

ஜெபித்தாயிற்று, இனி மனநல மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் தன்னுடைய சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். பவுலோடு கூட இருந்த லூக்காவே வைத்தியர். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. கிறிஸ்தவ மருத்துவமனை, பாகாயத்தில் மனநல மையமே நடத்துகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், சாக வேண்டும் போல ஓர் எண்ணம் வந்தால், போதகரிடம் பேசுங்கள், டாக்டரையும் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.