பாயிண்டைக் கழற்றுவதற்கு முன்: பழைய புல்லட் இக்னிஷனைச் சரிசெய்வது எப்படி?

பழைய புல்லட் வைத்திருப்பவருக்குக் கேட்காமலே கிடைக்கும் அறிவுரை, "பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் மாட்டு" என்பது. பிளக்கில் பொறி வரவைக்கும் சிறு சுவிட்ச்தான் பாயிண்ட். அந்த அறிவுரையை நம்பிச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எலெக்ட்ரானிக் கிட் வாங்கி மாட்டிய பலருக்கு, பழைய தொல்லை அப்படியே தொடர்கிறது. கோளாறு கன்டென்சரிலோ (பாயிண்ட் முனைகளில் பொறி பறப்பதை அடக்கும் சிறு மின் உறுப்பு) தளர்ந்த ஒயரிலோ இருந்திருக்கும். எனவே முதலில் பாயிண்டை ஒழுங்காக வைப்போம். மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இங்கே சொல்வது திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து வந்த, வார்ப்பிரும்பு இன்ஜின் கொண்ட 12 வோல்ட் புல்லட் 350-க்கு. காற்றால் குளிரும் மற்ற ஏர்கூல்டு வண்டிகளிலும் வேலை ஏறக்குறைய இதுதான். அளவுகளை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

பாயிண்ட் என்பது கேம் (ஒரு பக்கம் மேடான சுழல் உறுப்பு) சுழலும்போது திறந்து மூடும் சுவிட்ச். மூடியிருக்கையில் காயில் என்ற கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடும். திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுந்து, காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகிறது. எலெக்ட்ரானிக் கிட்டில் இதே அறுக்கும் வேலையைச் சென்சாரும் டிரான்சிஸ்டரும் செய்கின்றன. உரசித் தேய அங்கே எதுவும் இல்லை.

தேய்மானம்தான் விஷயமே. கேமில் உரசும் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். ஏர்கூல்டு வண்டிக்கு ஓடும்போது வரும் காற்று ஒன்றே துணை. சித்திரை வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நின்றால் அதுவும் கிடையாது.

தேவையானவை: ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஸ்பானர், சிறிய திருப்புளி, தடித்த அட்டைத் துண்டு, கொஞ்சம் பெட்ரோல், கிரீஸ்.

முதலில் இக்னிஷனை அணைத்துவிட்டு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். டாப் கியரில் போட்டால் பின்சக்கரத்தைக் கையால் உருட்டியே இன்ஜினைச் சுழற்றலாம். பாயிண்ட் மூடியைத் திறந்ததும், எதையும் தளர்த்துவதற்கு முன், பாயிண்ட் பொருத்தியிருக்கும் பிளேட்டிலும் அது அமரும் உடலிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பிளேட் நகர்ந்துவிட்டாலும் பழைய டைமிங் நிலைக்குத் திரும்ப அந்தக் கோடு வழிகாட்டும்.

பாயிண்டில் ஒன்றையொன்று தொடும் இரு முனைகளையும் நன்றாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒன்றில் குழியும் எதிரே மேடும் விழுந்திருந்தால் கன்டென்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதன் துகள் முனையில் பதிந்துகொள்ளும்.

இப்போது குதி, கேமின் உச்சிமேட்டில் ஏறும் வரை சக்கரத்தை உருட்டுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நிலையான முனையின் திருகைச் சற்றே தளர்த்தி நகர்த்துங்கள். கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். முனையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் இடைவெளி போதாது. திருகை இறுக்கியதும் மீண்டும் அளந்து பாருங்கள். இறுக்கும்போதே இடைவெளி நகர்ந்துவிடும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்ததை மெக்கானிக்குகளே மறப்பதுண்டு. ஃபீலர் கேஜில் இருக்கும் எண்ணெய்ப் பசை முனைகளில் ஒட்டிக்கொண்டால் பொறி வராது. பெட்ரோலில் நனைத்த அட்டையை மூடிய முனைகளுக்கிடையே ஒருமுறை இழுங்கள். பிறகு உலர்ந்த அட்டையால் ஒருமுறை. கேமில் கடுகளவு கிரீஸ் போதும். அதிகமானால் சிதறி முனையிலேயே வந்து விழும்.

பெட்ரோலை அப்பால் வைத்துவிட்டு, ஆவி அடங்கிய பிறகு சோதியுங்கள். பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, திருகுப் பகுதி இன்ஜின் உலோகத்தில் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இக்னிஷனைப் போட்டுக் கிக்கரை மிதியுங்கள். நீலப் பொறி வந்தால் சரி. பிளக்கில் பலவீனமாகவும் பாயிண்டில் பளீரென்றும் பொறி பறந்தால் கன்டென்சர் போய்விட்டது. சோதனை முடிந்ததும் இக்னிஷனை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் அது போட்டபடி இருந்தால் காயில் சூடாகிக் கெடும்.

இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஆகவே டைமிங்கைச் சரிபார்ப்பது எப்போதும் இதற்குப் பிறகுதான். முதல் முறை அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எலெக்ட்ரானிக் வேண்டுமா? தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுபவர், மாதாமாதம் மூடியைத் திறக்கப் பொறுமையில்லாதவர் என்றால் தாராளமாக மாற்றலாம். கடலோர ஈரக்காற்றில் முனைகள் பூத்துப்போகும் கவலையும் ஒழியும். பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் கிட்டின் எலெக்ட்ரானிக் பகுதியான மாட்யூல் அங்கேயே கருகும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் கிட் கேட்கும் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பல கிட்களில், வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் பழைய அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அப்படியே தொடரும். அவை துருப்பிடித்து இறுகியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்த கிட்டாலும் பயனில்லை.

பாட்டரி பலவீனமானால் பாயிண்ட் எப்படியோ சமாளிக்கும். பல மாட்யூல்கள் அடியோடு மறுத்துவிடும். நடுவழியில் மாட்யூல் செத்தால் திருப்புளியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அதனால் கழற்றிய பாயிண்ட் பிளேட்டையும் நல்ல கன்டென்சர் ஒன்றையும், இடைவெளி வைத்த நிலையிலேயே துணியில் சுற்றி டூல் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.